டிரம் கோர்: பாட்டு நேரடியா, பதிவா? கேள்வி பதில்

ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் லூக்கஸ் ஆயில் ஸ்டேடியத்துக்கு டிரம் கோர் இறுதிப்போட்டி பார்க்கப் போகும் நம் குடும்பங்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் இசை ஆசிரியர் இல்லை. மகன் ஹைஸ்கூல் பேண்டில் சேர்ந்த நாள் முதல் ஸ்பீக்கர் வண்டி தள்ளி, கேபிள் சுருட்டி, கடைசியில் மிக்சர் பக்கம் நிற்க அனுமதி வாங்கிய அப்பா, அவ்வளவுதான். யாரும் கேட்காத முதல் பதில்: குழந்தைகளுக்குக் காது அடைப்பான் எடுத்துப் போங்கள்.

டிரம் கோர் என்றால் ஸ்கூல் மார்ச்சிங் பேண்ட்தானே சார்?

இல்லை. பள்ளிக்கூடத்தோடு சம்பந்தமில்லாத தனிக் குழுக்கள். கிளாரினெட், ஃப்ளூட் எல்லாம் கிடையாது. பித்தளை, தாளம், கொடி. இந்தப் போட்டிகளை நடத்தும் டிசிஐ (டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல்) அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் 1972இல் விஸ்கான்சின் வைட்வாட்டரில் நடந்தது. கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஜிம் தரையில் தூங்குகிற பிள்ளைகள் இவர்கள்.

இதில் மைக் எப்போது நுழைந்தது?

2004இல். அதுவரை மரிம்பாவுக்குக்கூட (குச்சியால் தட்டி வாசிக்கும் மரக்கட்டை வாத்தியம்) மைக் கிடையாது. சிந்தசைசரும் சாம்ப்ளரும் (பதிந்து வைத்த ஒலியைக் கட்டை அழுத்தினால் ஒலிக்கும் கருவி) 2009இல். பழைய ஆட்களிடம் இந்த இரண்டு வருஷத்தையும் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு வரும்.

என் பெண்ணைப் பாடகியாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் பாதிப் பாட்டைப் பதிவு செய்து ஒலிக்கவிடப் போகிறார்களாம். இது ஏமாற்று இல்லையா, அண்ணா?

முதலில் வாழ்த்துகள்மா. ஏமாற்று இல்லை. ஏன் என்று சொல்ல மைதானத்தை அளக்க வேண்டும்.

அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தின் அகலம், அதாவது பார்வையாளர் பக்க முன்கோட்டிலிருந்து எதிர்ப்பக்கப் பின்கோடு வரை, 160 அடி, சுமார் 49 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். பின்கோட்டில் ஊதும் டிரம்பெட் முன்கோட்டுக்கு வந்து சேர 0.14 நொடி ஆகிறது. நிமிடத்துக்கு 180 பீட் ஓடும் இடத்தில் ஒரு பீட்டே 0.33 நொடிதான். ஆக, அரை பீட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தாமதம். அதனால்தான் முன்னால் மரிம்பா வாசிக்கும் ‘பிட்’ பிள்ளைகள் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் வரும் சத்தத்தைக் காதில் வாங்கி வாசிக்கிறார்கள்.

இப்போது உங்கள் பெண்ணை அந்தப் பின்கோட்டில் ஹெட்செட் மைக்கோடு நிறுத்துங்கள். அவள் குரல் ஒயர்லெஸ்ஸில் நொடிப்பொழுதில் முன்கோட்டு ஸ்பீக்கருக்கு வந்துவிடும். பக்கத்தில் ஊதுகிறவனின் சத்தமோ நடந்து வரும். கேட்கிறவர்களுக்குப் பாட்டு முந்தும், டிரம்பெட் பிந்தும். மிக்சரில் தாமதம் சேர்த்துச் சரிக்கட்டலாம். சேர்த்தால் ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் அவளுக்கே கால் நொடிக்கு மேல் கழித்துத் திரும்பி வரும். ஒருமுறை பேசிப் பாருங்கள், நாக்கு குழறும். அதனால் பாடுகிற பிள்ளையை முன்னால் கொண்டுவருவார்கள். அணிவகுப்பில் அவள் வர முடியாத இடத்துக்கு அவள் குரலையே பதிந்து சாம்ப்ளரில் வைப்பார்கள்.

அந்தப் பதிவிலும் இரண்டு வகை. ஒன்றில், சிந்தசைசர் முன்னால் ஒரு பையன் நிற்பான். ஒரு வரிக்கு ஒரு கட்டை. தாளம் காட்டி நடத்தும் டிரம் மேஜரின் கை தாழ்ந்தால்தான் அழுத்துவான். அவர் இழுத்தால் அடுத்த வரியும் காத்திருக்கும். அது வாசிப்பு. இன்னொன்றில், ஒரே தட்டில் ஒரு நிமிடம் ஓடும் ட்ராக், அதைத் துரத்திக்கொண்டு மைதானம் முழுக்கப் பிள்ளைகள். அது கேசட்டுக்கு ஆடுவது. உங்கள் பெண்ணின் குழுவில் எது என்று கேளுங்கள்.

பதிவு செய்த குரல் போடுவது மோசடிதானே?

மேலே பாருங்கள்.

நேரடிப் பாட்டு என்றால் எப்போதும் நன்றாக இருக்குமா?

எங்கே! ரசிகர்கள் இன்றும் அலுத்துக்கொள்வது கேடட்ஸ் குழுவின் 2007 நிகழ்ச்சியை. அதில் பேசியது மைதானத்தில் நின்ற பிள்ளைகள்தான். பேச்சு அளவுக்கு மீறிப் போனதுதான் குறை.

நான் கண்ட இரண்டு இரவுகள், குழுவின் பெயர் வேண்டாம். முதல் இரவு தூறல். பாட்டின் நடுவில் மைக் செத்துவிட்டது. அந்தப் பெண் நிறுத்தவில்லை, வாயைத் திறந்து பாடிக்கொண்டே நடந்தாள். மூன்றாம் வரிசையில் இருந்த எனக்கு ஒரே ஒரு வரி கேட்டது, மீதியை ட்யூபா தின்றுவிட்டது. மறுநாள் பயந்து சாம்ப்ளருக்கு மாறினார்கள். பையன் விரல் தவறி மூன்றாம் வரி முதலில் வந்துவிட்டது.

பதிவுக்கு நடுவர் மதிப்பெண் குறைப்பாரா?

பாட்டுக்கென்று தனிக் கட்டமே இல்லை. நூறில் பொது விளைவு (நிகழ்ச்சி மொத்தமாக எப்படித் தாக்குகிறது என்பது) 40, காட்சி 30, இசை 30. குரல் இவற்றுக்குள் கரைந்துவிடும்.

பிரபலமானவரின் பழைய ஒலிப்பதிவை வெட்டிப் போடலாமா?

பாட்டுக்கு உரிமை வைத்திருப்பவர், பதிவுக்கு உரிமை வைத்திருப்பவர், இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். வக்கீலிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

‘கேசட்டுக்கு ஆடுவது’ என்று இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். என் பெண்ணின் அரங்கேற்றம் பதிவில்தான் நடந்தது. சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை வரவழைக்க எங்களிடம் பணம் இல்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் பெண்ணைச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். வர்ணத்தில் சஞ்சாரி (ஒரே வரிக்குக் கதையை அபிநயத்தில் விரிப்பது) பிடிக்கிறாள் என்று வையுங்கள். நேரில் பாடுகிறவர் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் கண்ணனைக் கட்டிப்போட்டு முடிக்கும்வரை அடுத்த வரி இல்லை. பதிவில் அந்த வரி நான்கு முறை என்றால் நான்கு முறைதான். கண்ணன் கட்டுப்பட்டானோ இல்லையோ, பாட்டு போய்விடும்.

நான் நடனம் சொல்லிக்கொடுக்கிறவள். வருஷம் முழுக்கப் பதிவில் பழகிய பிள்ளைக்கு மேடையில் திடீரென்று நேரடி இசை வைத்தால்தான் தடுமாறும். உங்களுக்குத் தெரியுமா?

தெரியும் டீச்சர், மறுக்கவில்லை. பழக்கம் எதுவோ அதுவே காலில் வரும். கோர் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்: தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை வைத்தே கோடை முழுக்கப் பழக்கினால், அது நின்ற நாளில் கால் தேடும்.

கச்சேரிகளில் மைனஸ் ஒன் ட்ராக் போட்டுப் பாடுகிறார்களே, அதை மட்டும் ஏன் விட்டீர்கள்?

அங்கே குரல் உயிர், வாத்தியம் பதிவு. இங்கே தலைகீழ். நாட்டியமும் கச்சேரியும் இன்னொரு நாள் பேசலாம், டிரம் கோருக்கு வாருங்கள்.

அப்படியானால் அரங்கேற்றத்துக்கு...

இன்னொரு நாள் என்றேன்.

பதிவுக் குரல் சரியா தவறா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

மூன்றாவது முறை. மேலே.

வியர்வையில் ஹெட்செட் மைக் நழுவுகிறது.

நல்ல கேள்வி. கன்னத்தைத் துடைத்து, தோலுக்கான டேப்பை இரண்டு இடத்தில் ஒட்டுங்கள்: காதுக்கு முன்னால் ஒன்று, கழுத்துக்குப் பின்னால் வயர் வளையும் இடத்தில் ஒன்று. மைக் முனை வாய்க்கு நேராக வேண்டாம், ஓரத்தில்; இல்லாவிட்டால் மூச்சு இரைப்பதுதான் ஸ்டேடியம் முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு ஷோவுக்கும் புது பேட்டரி.

எந்த வரிசையில் உட்கார?

மேலே. கீழே உட்கார்ந்தால் ஸ்பீக்கரைத்தான் கேட்பீர்கள், சிந்தசைசர் பேஸ் வயிற்றில் உருளும்.

காது அடைப்பான் என்கிறீர்களே, எது வாங்க?

கேட்க ஒருவராவது வந்தீர்களே! மருந்துக்கடையில் விற்கும் நுரை அடைப்பான் போதும். விரலால் உருட்டி மெலிதாக்குங்கள், மறு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே விடுங்கள், அது விரியும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காதீர்கள்.