பூனையைப் படுக்க வைத்தது கற்பூரவள்ளியா, குருணையா?

கேள்வி: மூலனூர் அருகே கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறேன். வீட்டு முற்றத்துத் தொட்டிகளில் துளசி, கற்பூரவள்ளி, சோற்றுக்கற்றாழை, எலுமிச்சைப்புல் வளர்க்கிறேன். கற்பூரவள்ளியில் மாவுப்பூச்சி ஏறியதால், பூச்சிமருந்துக்கடையில் பொட்டலமாகத் தந்த குருணை மருந்தைத் தூரில் இட்டு நீர் ஊற்றினேன். மறுநாள் எங்கள் பூனை எச்சில் ஒழுக, உடல் வெடவெடவென்று நடுங்கிக் கிடந்தது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். எந்தெந்த மூலிகைகளைப் பிடுங்கிவிட வேண்டும்?

பதில்: துளசி இருக்கட்டும்; ஓரிரு இலையைக் கடித்ததற்காகப் பதற வேண்டியதில்லை. சோற்றுக்கற்றாழையையும் கற்பூரவள்ளியையும் பூனைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். இவற்றைத் தின்றால் வாந்தியும் கழிச்சலும் வரும். எலுமிச்சைப்புல்லும் அளவு மீறினால் வயிற்றைக் கெடுக்கும். இலையைவிட இவற்றிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான் ஆபத்தானது, ஏனெனில் அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஆகவே கற்பூரவள்ளி, துளசித் தைலங்களைப் பூனையின் மேல் தடவவே கூடாது. கடிப்பதற்கென்று ஒரு தொட்டியில் அருகம்புல் வைத்துவிடுங்கள். வேலியோரத்துக் குப்பைமேனியின் வேரைத் தோண்டி அதன்மேல் புரண்டால், அதற்குப் பூனைவணங்கி என்றே பெயருண்டு என்பதால், அஞ்ச வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது குருணையைப் பற்றி. வெறும் கற்பூரவள்ளியால் உடல் அப்படி நடுங்காது; எச்சில் ஒழுகுவதும் தசை துடிப்பதும் கார்போபியூரான், போரேட் போன்ற நரம்பு நஞ்சுகளின் அடையாளம். இவ்வகைக் குருணைகள் வேர்வழியே ஏறி இலை முழுவதும் பரவுபவை. பூனை இலையைக் கடித்திருக்கலாம், அல்லது தொட்டி மண்ணைக் கிளறிவிட்டுப் பாதத்தை நக்கியிருக்கலாம். அதே இலையைத்தானே பேரப்பிள்ளைக்குச் சளி பிடித்தால் வாட்டிச் சாறு பிழிந்து கொடுக்கிறோம்? வீட்டு மூலிகைக்குக் குருணை இடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்பதில்லை. இனி மாவுப்பூச்சி ஏறினால் அந்த நுனிகளைக் கிள்ளி எரித்துவிட்டு, இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். எறும்புப் புற்றை ஒழியுங்கள், ஏனெனில் அப்பூச்சியைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது எறும்புதான்.

பெயரில்லாத பொட்டலத்தில் நஞ்சைப் பிரித்து விற்பவரை வியாபாரி என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அது குற்றம். முத்திரையிட்ட உறையில் நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு. போரேட்டோ 2020 டிசம்பருக்குப் பின் விற்கவே தடை செய்யப்பட்டது. இனி அந்தக் கடைக்குப் போகாதீர்கள்; பொட்டலத்தில் மிச்சம் இருந்தால் வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். அந்தக் கற்பூரவள்ளியை மண்ணோடு அப்புறப்படுத்திவிட்டு, வேறு இடத்துத் தண்டை வாங்கிப் புது மண்ணில் ஊன்றுங்கள்.

இன்னொன்று. முற்றத்துச் செடிகளையே எண்ணிக் கவலைப்படும் நீங்கள், விற்பனைக்கு வளர்க்கும் கண்வலிக்கிழங்கை மறந்துவிட்டீர்கள். அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு, பூனையை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும். விதையை வீட்டு முற்றத்தில் உலர்த்துவதாக இருந்தால் இந்தப் பருவத்திலிருந்தே களத்துக்கு மாற்றி, மூட்டையைப் பூட்டிய அறையில் வையுங்கள்.