மலை இறங்கும்போது பிரண்ட கால்: மூன்று வாரமாக வற்றாத வீக்கம்

கேள்வி: இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் என் அம்மாவுக்கு 47 வயது. மூன்று வாரத்துக்கு முன்பு, பகல் கொழுந்து நிறுப்பதற்காக மலையிலிருந்து இறங்கியபோது, வடிகான் ஓரத்தில் வலது கால் உட்பக்கமாகப் பிரண்டு விழுந்துவிட்டார். அன்றே சுளுக்கு வழிக்கும் ஒருவரிடம் காட்டினோம். நரம்பு பிசகியிருக்கிறது என்று சொல்லி, எண்ணெய் போட்டு மூன்று நாள் வழித்துக் கட்டினார். வீக்கம் பாதிதான் வற்றியிருக்கிறது. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டு விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே அழுத்தினால் துடித்துப் போகிறார். அந்தக் கால் கொஞ்சம் சூடாகவும் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) ஐந்து வருடமாகக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். இதே கால் போன வருடமும் ஒருமுறை பிரண்டது. நொச்சி இலை போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா? எப்போது வேலைக்குப் போகலாம்?

பதில்: ஒத்தடம் வேண்டாம். அம்மாவை இந்த வாரமே எக்ஸ்ரே வசதியுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காலைத் தொட்டுப் பார்க்காமல் இன்னதுதான் என்று முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு செய்திகள், இதை வெறும் சுளுக்கு என்று விட்டுவிட எனக்கு இடம் தரவில்லை. ஒன்று, வலி இருக்கும் இடம். மற்றது, சீனி வருத்தமுள்ள ஒருவரின் கால் மூன்று வாரம் கழிந்தும் சூடாக இருப்பது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஒரு பாதத்தில் கணுக்காலின் அடி எலும்பையும் சேர்த்து 26 எலும்புகள் இருக்கின்றன. பின்பாதியில் குதிகால் எலும்பு உட்பட ஏழு, நடுவில் நீண்ட எலும்புகள் ஐந்து, விரல்களில் பதினான்கு. உங்கள் சொந்தப் பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டு விரலின் அடியிலிருந்து குதிகாலை நோக்கி விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய பாதி வழியில் ஒரு முடிச்சு தட்டுப்படும். அது ஐந்தாவது நீண்ட எலும்பின் அடிப்பகுதி. கெண்டைக்காலின் வெளிப்பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஒரு தசையின் நாண், கணுக்காலுக்குப் பின்னால் வளைந்து வந்து அந்த முடிச்சில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளங்காலின் தடித்த சவ்வின் வெளி இழையும் அங்கேயே வந்து சேர்கிறது. கால் திடீரென உட்பக்கமாகப் பிரளும்போது, அதைத் தடுத்து நிறுத்த அந்தத் தசை முழு வேகத்தோடு இழுக்கும். அந்த இழுப்பில் முடிச்சின் ஒரு துண்டு எலும்பிலிருந்து பிய்ந்து வருவது, மலைப்பாங்கான இடங்களில் வேலை செய்யும் வைத்தியர்கள் அடிக்கடி பார்க்கும் முறிவு. கணுக்கால் முழுவதும் வீங்கிப் போவதால் வீட்டார் அதையும் கணுக்கால் சுளுக்கென்றே எண்ணுகிறார்கள்.

அதே எலும்பில், முடிச்சிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் விரல் பக்கமாகத் தள்ளி வரும் முறிவு வேறு வகை. சேர் றொபேட் ஜோன்ஸ் என்ற பிரித்தானிய எலும்பு மருத்துவர், நடனமாடும்போது தம் காலிலேயே ஏற்பட்ட அத்தகைய முறிவைப் பற்றி 1902இல் எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. எலும்பின் நடுப்பகுதிக்கு வரும் இரத்தக் குழாயும் முடிச்சுக்கு வரும் சிறு குழாய்களும் சந்திக்கும் எல்லை அது என்பதால், அங்கே இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அந்த இடம் மெதுவாகவே கூடும்; கவனிக்காமல் நடமாடினால் சில வேளைகளில் கூடாமலே நின்றுவிடும். முடிச்சு பிய்ந்த வகைக்கு, வளையாத அடியுள்ள சப்பாத்தோ நடப்பதற்கான பூட்டோ போட்டு, வலி தாங்கும் அளவுக்குக் காலூன்றி நடக்கவே அனுமதிப்போம். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் சரியாகிவிடும். ஜோன்ஸ் முறிவென்றால் அதே ஆறு முதல் எட்டு வாரம் கால் ஊன்றாமல் மாவுக்கட்டில் இருக்க வேண்டிவரலாம். சிலருக்குத் திருகாணி வைத்துப் பொருத்துவதும் உண்டு. வெளியே தடவிப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. எக்ஸ்ரேயை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கால் பிரண்ட எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் வெளியிட்ட விதிகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின் விளிம்பிலோ நுனியிலோ, அடியிலிருந்து 6 சென்டிமீட்டருக்குள் எலும்பை அழுத்த வலித்தால் படம் எடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன வெளிப்பக்க முடிச்சிலோ, பாதத்தின் உட்பக்க வளைவின் உச்சியிலுள்ள எலும்பிலோ வலித்தாலும் எடுக்க வேண்டும். விழுந்த உடனேயும் வைத்தியர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமற்போனாலும் அப்படியே. இவை புதிய காயத்துக்காக வகுக்கப்பட்டவை. நீரிழிவால் கால் உணர்ச்சி குறைந்தவர்களிடம் இவற்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, ஏனென்றால் எலும்பு முறிந்தும் அவர்களுக்கு வலிக்காமல் இருக்கலாம். உங்கள் அம்மாவுக்கோ சரியாக அந்த முடிச்சில், அதுவும் மூன்று வாரம் கடந்த பிறகும் வலிக்கிறது.

மஸ்கெலியாவிலிருந்து டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து எலும்பு வைத்திய நிபுணரிடம் அனுப்பி வைப்பார்கள். போகும்போது ஒரு விடயத்தை வாய்விட்டே சொல்லுங்கள். “கணுக்கால் பிரண்டது” என்று மட்டும் சொன்னால் கணுக்காலை மட்டும் படம் எடுத்து, ஐந்தாவது எலும்பின் அடி படத்தில் சரியாக விழாமற்போக வாய்ப்புண்டு. வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, பாதத்தையும் சேர்த்து எடுக்கும்படி கேளுங்கள். பாதத்தைச் சற்றுச் சரித்து எடுக்கும் படத்தில்தான் அந்த முடிச்சு மற்ற எலும்புகளால் மறைக்கப்படாமல் தெரியும்.

இனிச் சூடு. முறிந்த எலும்பு கூடும் காலத்தில் அந்த இடம் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பது இயல்புதான். ஆனால் நீண்ட கால நீரிழிவால் கால் நரம்புகள் பழுதடைந்த ஒருவருக்கு, ஒரு சிறிய பிசகுக்குப் பின் பாதம் முழுவதும் வீங்கி, சிவந்து, தொட்டால் சுடும்படி இருந்தும் வலி பெரிதாக இல்லையென்றால், அது ஷார்கோ பாதம் எனப்படும் நோயின் தொடக்கமாக இருக்கலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட சிபிலிஸ் நோயாளிகளிடம் மூட்டுகள் இப்படிச் சிதைவதை ஷார்கோ என்ற பிரெஞ்சு நரம்பியல் வைத்தியர் 1868இல் விவரித்தார். இன்று அதற்கு முதன்மைக் காரணம் நீரிழிவுதான். உணர்ச்சியற்ற பாதத்தில் எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்க, வலி தெரியாததால் நோயாளி அதன் மேலேயே நடந்து, கடைசியில் உள்ளங்கால் வளைவு இடிந்து பாதம் உருக்குலைந்துபோகிறது. தொடக்கத்திலேயே மாவுக்கட்டுப் போட்டுக் காலுக்கு ஓய்வு கொடுத்தால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றலாம். உங்கள் அம்மாவுக்கு வலி நன்றாகவே தெரிகிறது என்பதால் இதற்கு வாய்ப்புக் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் ஒதுக்கிவிட முடியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. அம்மாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டு விரல் நுனியால், இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டு விரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஒழுங்கு மாற்றி மாற்றி, ஓரிரு விநாடி மட்டும் மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தடவவோ வேண்டாம். தொட்டதை உணர்ந்தவுடன் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு உங்கள் புறங்கையை இரண்டு பாதங்களின் மேலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். சூட்டில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள். 2 பாகை செல்சியஸ் வித்தியாசத்தையே நாங்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வோம்.

ஒத்தடம் வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொன்னதற்குக் காரணமும் இதுதான். நொச்சி இலை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் உணர்ச்சி குறைந்த காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது; கொப்புளம் எழும்பி, புண்ணாகி, மழைக்காலத்துச் சேற்றில் அது ஆறாமல் விரலையே எடுக்க வேண்டிவந்தவர்கள் உண்டு. உணர்ச்சி நன்றாக இருந்தாலும், சுடும் வெந்நீரால் காயத்துக்கு நன்மை அதிகம் இல்லை. வழிப்பதையும் நிறுத்திவிடுங்கள். கணுக்காலில் எந்த நரம்பும் இடம் மாறிப் பிசகுவதில்லை. புதிய காயத்தை அழுத்தி வழிக்கும்போது உள்ளே கசியும் இரத்தம் கூடுகிறது. முறிவு இருந்தால், ஒன்றுசேர வேண்டிய துண்டும் அசைந்துவிடுகிறது. வலிக்குப் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேற்படாமல் கொடுக்கலாம். ஈரல் நோய் உள்ளவர்களும் மிகவும் மெலிந்தவர்களும் இந்த அளவைக் குறைக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக் வகை மாத்திரைகள், நீரிழிவோடு சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கேடு செய்யும் என்பதால் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கட்டும்.

முறிவில்லை என்று தெரிந்தால், எஞ்சுவது கணுக்காலின் வெளிப்பக்கப் பிணைப்பு நார்களின் கிழிவு. இங்கே மலைநாட்டு வேலையோடு நேரடித் தொடர்புள்ள ஓர் உண்மை இருக்கிறது. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பொருந்தி நிற்கும் டேலஸ் என்ற எலும்பின் மேற்பகுதி, முன்னால் அகன்றும் பின்னால் ஒடுங்கியும் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடிவதால் அகன்ற பகுதி இரண்டு எலும்புகளுக்கும் நடுவே ஆப்பு இறங்கியது போல இறுகி நிற்கும். இறங்கும்போது விரல்கள் கீழ்நோக்கிச் சாய்வதால் ஒடுங்கிய பகுதி அங்கே வந்து, மூட்டு சற்றே தளர்கிறது. வெளிப்பக்கத்தின் முன் நாரும் அந்த நிலையில் இழுபட்டுக்கொண்டிருக்கும். கால் பிரள்வதற்கு அந்த ஒரு நொடி போதும். முதுகில் நிறைந்த கூடையோடு, ஈர மண்ணில், தேய்ந்த பாட்டா சிலிப்பரோடு, கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்தால், ஏறும்போது பிரளாத கால் இறங்கும்போது பிரள்வதில் வியப்பில்லை.

போன வருடமும் அதே கால் பிரண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில், பொதுவாக எல்லோரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பிணைப்பு நார்களில், கால் எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. நார் கிழியும்போது அந்த அறிவிப்பும் குலைகிறது. வீக்கம் வற்றி, வலி போன பிறகும், பாதம் சரியப்போகிறது என்பது தசைக்குப் பிந்தியே தெரிகிறது. அதற்குத் தைலம் இல்லை, பயிற்சிதான் மருந்து. முறிவில்லை என்று வைத்தியர் உறுதி சொன்ன பிறகு, உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்துகளை நாளுக்கு இரண்டு மூன்று முறை எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் மூட்டு அசைய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. வலி குறைந்ததும் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்கட்டும், பிறகு பிடிக்காமல், அதற்குப் பிறகு நீங்கள் பக்கத்தில் நிற்கக் கண்ணை மூடிக்கொண்டு. குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் ஒருமுறை காட்டிப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது.

வேலைக்குப் போவதை நாள் கணக்கு வைத்துச் சொல்ல மாட்டேன். நொண்டாமல் சமதரையில் நடக்க வேண்டும், நல்ல காலில் நிற்கும் அளவு நேரம் இந்தக் காலிலும் நிற்க வேண்டும், லயத்துப் படிகளில் கைப்பிடி இல்லாமல் இறங்க வேண்டும். இவை மூன்றும் முடிந்தால் மலைக்குப் போகலாம். முதல் சில மாதங்கள் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பட்டியும் மூடிய சப்பாத்தும் போட்டு, செங்குத்தான இடங்களில் பக்கவாட்டாக அடிவைத்து இறங்குவது பாதுகாப்பு. இடையில் சரிவில்லாத இடத்தில் வேலை தர முடியுமா என்று வைத்தியரின் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள். ஒரு பேர் விழாத, அதாவது நாட்சம்பளம் பதிவாகாத, நாளின் கணக்கு எனக்கும் தெரியாததல்ல. அதனால் இன்னொன்றையும் செய்து வையுங்கள். வேலை நேரத்தில் வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோர இடமுண்டு. எந்தத் திகதியில், எந்த மலையில், கொழுந்து நிறுக்கப் போகும்போது விழுந்தார் என்பதை வைத்தியசாலையில் தெளிவாகச் சொல்லி அட்டையில் எழுதச் செய்யுங்கள். தோட்ட மருந்தகத்திலும் பதிவு இருக்கிறதா என்று தோட்டத் தலைவரை வைத்து விசாரியுங்கள். போகும்போது சீனி கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம். மாவுக்கட்டா, பூட்டா என்று முடிவெடுக்கும் வைத்தியருக்கு அதிலுள்ள இரத்தச் சீனி அளவும் வேண்டியிருக்கும்.