கட்டுரை திறக்கவில்லையா? காசு கட்டுவதற்கு முன் கேளுங்கள்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். தரவுத்தளங்கள், மின்னிதழ்கள் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஜூரோங் வெஸ்ட் மாணவி, முதலாம் ஆண்டு: அக்கா, வீட்டிலிருந்து கூகல் ஸ்காலரில் தேடிக் கட்டுரையைத் திறந்தால் 40 அமெரிக்க டாலர் கேட்கிறது. நான் கட்ட வேண்டுமா?

கட்டவே வேண்டாம்மா. வளாகத்து வைஃபையில் இருக்கும்போது, நீங்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்பது பதிப்பாளரின் தளத்துக்குத் தானாகத் தெரியும். வீட்டு இணையத்தில் தெரியாது. அதனால்தான் விலை கேட்கிறது. நூலகத்தின் பக்கம் வழியாக உங்கள் மாணவர் கணக்கில் உள்நுழைந்து அதே கட்டுரையைத் தேடுங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். கூகல் ஸ்காலரின் அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ என்ற பகுதி இருக்கிறது. அங்கே உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிட்டால், நூலகத்திடம் இருக்கும் கட்டுரைகளுக்குப் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும்.

நூலகம் அந்த இதழை வாங்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. தேடல் முடிவின் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதை அழுத்திப் பாருங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிஆர்-என்டியு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்பேங்க் இரண்டும் அப்படிப்பட்டவைதான். அன்பேவால் என்ற இலவச நீட்சியை உலாவியில் போட்டுக்கொண்டால் அதுவே தேடித் தரும். அதிலும் கிடைக்காவிட்டால் எங்களைக் கேளுங்கள், அல்லது கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். தன் கட்டுரையை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்றால் மகிழ்ச்சியோடு அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

பகலில் வேலை, மாலையில் சமூகப்பணிப் படிப்பு: ‘சிங்கப்பூரில் முதியோர் தனிமை’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது, இல்லையென்றால் ஒன்றுமே வருவதில்லை. எங்கே தவறு?

கேள்வியை முழு வாக்கியமாகத் தட்டுவதில்தான். தரவுத்தளம் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் என்று நம்பாமல் கருத்துகளைப் பிரியுங்கள். உங்கள் தலைப்பில் மூன்று கருத்துகள்: முதியோர், தனிமை, சிங்கப்பூர். ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் வேறு என்னென்ன சொற்களை எழுதுவார்கள் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘எல்டர்லி’ என்று ஒருவர் எழுதுவார், ‘ஓல்டர் அடல்ட்ஸ்’ என்று இன்னொருவர். ‘லோன்லினஸ்’ ஒருவருக்கு, ‘சோஷியல் ஐசொலேஷன்’ மற்றவருக்கு. ‘ஏஜிங்’ என்ற சொல்லை பிரிட்டிஷ் முறையில் நடுவில் ஓர் ‘இ’ சேர்த்து எழுதுவார்கள், அமெரிக்கர்கள் அதை விட்டுவிடுவார்கள். இரண்டையும் போட வேண்டும்.

ஒரே கருத்தைச் சேர்ந்த சொற்களுக்கு இடையில் ‘ஆர்’ (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். கருத்துகளுக்கு இடையில் ‘ஆண்ட்’ (AND). இரு சொல் தொடருக்கு மேற்கோள் குறி. இப்படித் தேடியும் அதிகமாக வந்தால், தேடலைத் தலைப்பு, சுருக்கம் இரண்டுக்குள் மட்டும் நிறுத்துங்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்தி அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல் உங்களைப் பழைய ஆய்வுகளுக்குக் கூட்டிப்போகும். ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்தால் புதிய ஆய்வுகள் வரும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும் வழி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழாசிரியர், முதுகலை ஆய்வு: நூலகத்தில் தமிழ் நூல் இருக்கிறது என்று தெரியும். ஆங்கில எழுத்தில் தட்டினால் அட்டவணையில் வருவதே இல்லையே?

இதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தமிழ் நூல்களின் பெயரை நாம் பேசுகிறபடி நூலகங்கள் ரோமன் எழுத்தில் மாற்றுவதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் முறையை உலகில் பல நூலகங்கள் பின்பற்றுகின்றன. அதில் ச எப்போதும் ‘சி’ என்ற எழுத்து, ‘எஸ்’ வராது. க எப்போதும் ‘கே’, ப எப்போதும் ‘பி’ (P). ஒலி மாறினாலும் எழுத்து மாறாது. ஆகவே சிங்கப்பூர் என்று தேட சி-ஐ-என்-கே-ஏ-பி-பி-யு-ஆர் என்று தட்டுங்கள். முரசு என்பது எம்-யு-ஆர்-ஏ-சி-யு. மேற்குறி, கீழ்க்குறி இல்லாமலே பெரும்பாலும் கிடைத்துவிடும். தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடுங்கள், ஏனென்றால் சில பதிவுகளில் இரண்டும் இருக்கும், சிலவற்றில் ஒன்றுதான்.

அப்புறம், நூலகத்துக்கு வெளியேயும் பாருங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயரிலேயே உள்ள இணையத் திட்டம்.

ஈசூன் வாசகர், பணி ஓய்வு பெற்றவர்: என் அப்பா 1950களில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தைப் பற்றிப் படிக்க ஆசை. நான் மாணவன் இல்லையே?

ஐயா, உங்களுக்குப் பல்கலைக்கழக அட்டையே தேவையில்லை. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் இருக்கிறது. 1887இல் தொடங்கிய சிங்கை நேசனும், தமிழ் முரசும் உண்டு. தமிழ் இதழ்களில் சொல்லைத் தட்டித் தேடுவதை மட்டும் நம்பாதீர்கள். பழைய அச்சைக் கணினி படிக்கும்போது நிறையத் தவறு வரும். முதலில் ஆங்கிலச் செய்தியில் ‘நேவல் பேஸ்’ என்று தேடி, வேலைநிறுத்தமோ விழாவோ எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வாரத்துத் தமிழ் முரசைத் தேதிப்படி திறந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தில் தமிழில் பதிவான வாய்மொழி வரலாற்று நேர்காணல்களும் உண்டு. அவற்றையும் கேளுங்கள். சிரமமாக இருந்தால் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்கு நேரில் போங்கள். அங்குள்ள நூலகர்கள் உதவுவார்கள்.

பொறியியல் மாணவர்: ஓர் இதழின் எல்லாக் கட்டுரைகளையும் மென்பொருள் வைத்து இறக்கினேன். கணக்கு முடங்கிவிட்டது.

உடனே நூலகத்துக்கு எழுதி நடந்ததைச் சொல்லுங்கள். மொத்தமாக இறக்குவது ஒப்பந்தத்துக்கு எதிரானது. பதிப்பாளர் பல்கலைக்கழகம் முழுவதற்கும் கதவைச் சாத்திவிட முடியும். பெருந்தரவு ஆய்வுக்குத் தேவை என்றால் அதற்குத் தனி அனுமதி கேட்கலாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: செயற்கை நுண்ணறிவு தந்த மேற்கோள்கள் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை அக்கா.

அந்தக் கட்டுரைகளே இல்லாமல் இருக்கலாம். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், தலைப்பு கற்பனையாக இருக்கும். 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரையின் அடையாள எண்ணை, அதற்குரிய தளத்தில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை, தலைப்பை மேற்கோள் குறிக்குள் தேடினாலும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டவே கூடாது.

இறுதியாண்டு மாணவர்: பட்டம் வாங்கியபின் இதெல்லாம் போய்விடுமா?

பெரும்பகுதி போய்விடும். ஒப்பந்தம் இப்போது படிப்பவர்களுக்கும் பணியாளர்களுக்கும்தான். முன்னாள் மாணவர்களுக்கு என்ன சலுகை என்பதை உங்கள் நூலகத்திலேயே கேளுங்கள். ஜேஸ்டோர் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் சொந்த மின்னஞ்சலில் இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம். தேசிய நூலக வாரிய உறுப்பினருக்கும் பல தரவுத்தளங்கள் உண்டு. சிலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம், சிலவற்றுக்கு நூலகத்துக்குப் போக வேண்டும். மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஜொடெரோ மென்பொருளில் உங்கள் கணக்கு பல்கலைக்கழக மின்னஞ்சலில் இருந்தால், அந்த முகவரி மூடப்படும் முன் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.