13 வார வேலையும் அதற்கு முந்திய அலைச்சலும்

தாதியர் பணி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், ரெக்சாஸ் மாநில வைத்தியசாலை ஒன்றில் நிரந்தரத் தாதியாக இருந்தாள். அதை விட்டுவிட்டு, முகவர் நிறுவனம் ஒன்றின் மூலம் வேறொரு மாநிலத்தில் 13 வாரங்கள் மட்டும் பணிபுரியும் 'பயணத் தாதி' வேலைக்குச் சம்மதித்திருக்கிறாள். வேலை தொடங்க முன்னரே ஒவ்வொரு நாளும் ஒரு பத்திரம், ஒரு பரிசோதனை என்று கேட்கிறார்களாம். போன கிழமை தன் சிறுவயதுத் தடுப்பூசி அட்டையைத் தேடிப் படம் எடுத்து அனுப்பும்படி சொன்னாள். பல வருடம் வேலை செய்த பிள்ளையிடம் இவ்வளவு கேட்பது ஏன்? இதில் ஏதும் ஏமாற்று இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் அந்த வேலையின் வழமையான நடைமுறைகளே. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு இடமாற்றம் பெறும் அரச தாதிய உத்தியோகத்தர் ஒருவரின் தனிப்பட்ட கோவை அவருக்குப் பின்னாலேயே போய்விடும். சேவையும் ஒன்று, சம்பளம் கொடுக்கும் அரசும் ஒன்று. அமெரிக்காவிலோ வைத்தியசாலைகள் தனித்தனி நிறுவனங்கள். உங்கள் மகளுக்குச் சம்பளம் கொடுப்பது முகவர் நிறுவனம், வேலை வாங்குவது வைத்தியசாலை; இரு தரப்பும் தத்தம் கோவையை முழுமையாக வைத்திருக்க வேண்டியிருப்பதால், அடுத்த ஒப்பந்தத்துக்குப் போகும்போதும் இதே கேள்விகளில் பெரும்பாலானவை மறுபடி வரும்.

அவர்கள் கேட்பவை என்னென்ன என்று தெரிந்தால் உங்கள் மனம் ஓரளவு ஆறும். அனுமதிப்பத்திரம், குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் பாவனை உண்டா என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனை, வைத்தியரின் உடற்தகுதிச் சான்று, முன்னைய மேற்பார்வையாளர்களின் சிபாரிசு, உயிர்காப்புப் பயிற்சி அட்டை ஆகியவை முதலில் வரும். அமெரிக்க இதயச் சங்கம் வழங்கும் அந்த அட்டை இரண்டு வருடங்களுக்கே செல்லுபடியாகும் என்பதால், ஒப்பந்தத்தின் நடுவில் அது காலாவதியாகாதபடி முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்வது நல்லது. இவற்றோடு என்95 முகக்கவசம் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்ற சோதனையும், சின்னமுத்து, கூகைக்கட்டு, கொப்புளிப்பான், ஈரல் அழற்சி பி ஆகியவற்றுக்கு உடலில் எதிர்ப்புச்சக்தி உண்டென்பதற்கான சான்றும் உண்டு. தடுப்பூசி அட்டை கேட்கப்படுவது இதற்காகத்தான். அட்டை கிடைக்காவிட்டாலும் வேலை கைவிட்டுப் போகாது. குருதியில் பிறபொருளெதிரி இருப்பதைப் பரிசோதித்துக் காட்டலாம், இல்லையென்றால் மறுபடி ஊசி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் நாட்கள் பிடிக்கும்.

நம் நாட்டில் பிறந்த பிள்ளைகள் தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இலங்கையில் குழந்தை பிறந்தவுடனேயே காசநோய்க்கு எதிரான பீசீஜி ஊசி போடப்படுகிறது. இடது மேற்கையில் பலருக்கும் அந்தத் தழும்பு இருக்கும். அமெரிக்காவில் பிறந்தவர்களுக்கு அந்த ஊசி பொதுவாகப் போடப்படுவதில்லை. வேலை தொடங்க முன் காசநோய் உண்டா என்று பார்க்கத் தோலில் ஊசியிடும் பரிசோதனையில், பீசீஜி போட்டவர்களின் கை நோயே இல்லாமலும் தடித்துச் சிவக்கக்கூடும். அப்படிச் சிவந்தால் மார்பு எக்ஸ்ரே, வைத்தியரின் கடிதம் என்று இழுபட்டு, வேலை தொடங்கும் திகதியே தள்ளிப் போகலாம். ஆகவே தோல் பரிசோதனைக்குப் பதிலாகக் குருதிப் பரிசோதனை செய்யும்படி உங்கள் மகள் முதலிலேயே கேட்க வேண்டும். பீசீஜி போட்டவர்களுக்கு அதையே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையமும் பரிந்துரைக்கிறது. நீங்கள் அனுப்பும் அட்டையில் பீசீஜி திகதி தெளிவாகத் தெரிந்தால் அதுவும் உதவும்.

அனுமதிப்பத்திரம் எந்த மாநிலத்துக்குச் செல்லும் என்பதும் முக்கியம். தாதியர் அனுமதிப்பத்திர உடன்படிக்கையில் சேர்ந்த மாநிலங்களில் ஒன்றில் நிரந்தரமாக வசிப்பவர், பல்மாநில அனுமதிப்பத்திரம் ஒன்றைப் பெற்றுக்கொண்டால், அதில் சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் வேலை செய்யலாம். ரெக்சாஸ் அந்த உடன்படிக்கையில் உள்ளது, புளோரிடாவும் உள்ளது. கலிபோர்னியாவும் நியூயோர்க்கும் இல்லை. கலிபோர்னியாவுக்குப் போவதென்றால் தனியாக விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருக்க வேண்டி வரும்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒப்பந்தத்தைப் பற்றி. முகவர் தொலைபேசியில் இனிமையாகப் பேசுவார், பலர் உண்மையாகவே உதவவும் செய்வார்கள். ஆனாலும் எழுத்தில் இல்லாத எதையும் கிடைத்ததாக எண்ணக்கூடாது. வாரத்துக்கு 36 மணித்தியாலம், அதாவது 12 மணித்தியாலக் கடமை மூன்று என்று பேசியிருந்தால், நோயாளர் குறைவு என்று வைத்தியசாலை ஒரு கடமையை நிறுத்தும்போது அந்தச் சம்பளம் கிடைக்குமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வைத்தியசாலையின் வேறு நோயாளர் விடுதிகளுக்கு அனுப்புவார்களா, எந்த விடுதிகளுக்கு, தொடங்குவதற்கு முதல்நாள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்தால் யார் நட்டத்தை ஏற்பது, சுகயீனத்தால் ஒரு கடமை தவறினால் கொடுப்பனவில் எவ்வளவு கழிப்பார்கள் என்பவையும் அவ்வாறே. விடுமுறை தேவைப்படும் நாட்களைக் கையெழுத்திட முன்னரே அதில் சேர்க்கச் சொல்லுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு மகள் வரவேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால், ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வருவதே அவளுக்கு இலகு. ஆனால் அந்த இடைவெளியில் முகவர் நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதி தொடருமா என்பதை அவள் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

சம்பளத்தில் ஒரு பகுதி வரிக்குட்பட்ட மணித்தியாலக் கூலியாகவும், மற்றொரு பகுதி வீட்டுக்கும் உணவுக்குமான வரியில்லாக் கொடுப்பனவாகவும் வரும். அந்த வரிவிலக்கு, வேறிடத்தில் தனக்கென்று உண்மையான இருப்பிடம் வைத்து அதற்கும் செலவு செய்துகொண்டு, தற்காலிகமாக வேலையிடத்தில் வந்து தங்குபவருக்கே உரியது. ரெக்சாஸில் உள்ள வாடகை வீட்டைக் கைவிட்டு, பெட்டிகளைத் தோழி வீட்டில் வைத்துவிட்டுப் போனால், அந்தக் கொடுப்பனவு முழுவதும் வரிக்குட்பட்ட வருமானமாகக் கணிக்கப்படலாம். ஒரே இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நீடிப்பதாக எதிர்பார்க்கப்படும் வேலையும் தற்காலிகமானதாகக் கொள்ளப்படாது. பயணத் தாதியரின் வரிக்கணக்குப் பார்த்துப் பழகிய கணக்காளர் ஒருவரிடம் கையெழுத்துக்கு முன்னரே போவதற்கு ஆகும் செலவு, பின்னால் வரித் திணைக்களத்துக்குக் கட்ட நேரிடும் தொகையோடு ஒப்பிட்டால் சிறியது.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். இணையத்தில் படம் பார்த்து, ஆளைக் காணாமல் முற்பணம் அனுப்பி ஏமாந்த தாதியர் பலர். வைத்தியசாலையின் இறுதி அனுமதி கிடைக்கும்வரை பெரிய தொகை எதையும் கட்டாமல், முதல் ஒன்றிரண்டு வாரம் கிழமை வாடகைக்கு விடும் விடுதியில் தங்கி, வீட்டை நேரில் பார்த்த பின் பணம் கொடுப்பதே பாதுகாப்பானது.

கேள்வி: என் பெறாமகள் பயணத் தாதியாக ஒரு புதிய வைத்தியசாலையில் தொடங்கியிருக்கிறாள். ஒரு நாள் மட்டும் சுற்றிக்காட்டிவிட்டு, மறுநாளே நோயாளர்களைப் பொறுப்புக் கொடுத்துவிட்டார்களாம். 'எனக்கு ஒன்றுமே தெரியாதது மாதிரி இருக்கிறது, சித்தி' என்று தொலைபேசியில் அழுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?
— ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: அவளுடைய அழுகைக்கு நியாயமான காரணம் உண்டு என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். பயணத் தாதியை வைத்தியசாலை எடுப்பது ஆள் பற்றாக்குறைக்காக. அதனால் பழக்குவதற்கு ஒன்றிரண்டு கடமைகளுக்கு மேல் ஒதுக்க மாட்டார்கள். தாதியம் அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது அந்தக் கட்டடமும் கணினியும் ஆட்களும்தான்.

நான் அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில், புதிய வைத்தியசாலையொன்றில் என் முதல் இரவுக் கடமை இப்படித்தான் இருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து வந்த முதியவர் வலியில் முனகிக்கொண்டிருக்கிறார். வைத்தியர் மருந்து எழுதிவிட்டார். மருந்து வைத்திருக்கும் இயந்திர அலுமாரியில் விரலை வைத்தால், என் பெயரே அதில் பதியப்படவில்லை. குருதியில் சீனி பார்க்கும் கருவியும் என் அடையாள அட்டையை ஏற்க மறுக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்து நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்த தாதியை அழைத்து, அவர் கையால் எடுப்பித்தேன். அவருக்கும் எரிச்சல், எனக்கும் கூச்சம். முதியவருக்கோ கால் மணித்தியாலம் கூடுதலான வலி. இந்தக் குறையைத் தாதியின் திறமைக் குறைவாக எவரும் கொள்ளக்கூடாது. பழக்கும் நாளிலேயே மருந்து அலுமாரி, சீனிக் கருவி, நோயாளர் பதிவுக் கணினி ஆகிய மூன்றிலும் தன் பெயரால் நுழைந்து பார்த்து, ஏதாவது ஒன்று திறக்காவிட்டால் அன்றே பொறுப்புத் தாதியிடம் முறையிடுவதுதான் இதற்கு வழி. எபிக் என்ற நோயாளர் பதிவுக் கணினி முறைமையில் பழகியவர் சேர்னர் என்ற வேறொரு முறைமை உள்ள இடத்துக்குப் போனால், பதிவு எழுதவே முதல் வாரம் இரட்டிப்பு நேரம் பிடிக்கும் என்பதையும் அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கொப்பி ஒன்றில் நான்கு விடயங்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள்: இதயம் நின்றால் அழைக்கும் இலக்கம், அவசர மருந்தும் கருவிகளும் உள்ள உயிர்காப்புத் தள்ளுவண்டி நிற்கும் இடம், மருந்தகத்தின் இலக்கம், அன்றைய பொறுப்புத் தாதியின் பெயர். தனக்குப் பழக்கமில்லாத சிகிச்சை உள்ள நோயாளரைக் கொடுத்தால், அதைக் கடமை ஏற்க முன்னரே பணிவாகவும் தெளிவாகவும் சொல்ல வேண்டும். ஏற்ற பின் சொல்வது நோயாளருக்கும் ஆபத்து, அவளுடைய அனுமதிப்பத்திரத்துக்கும் ஆபத்து. நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. இரவுக் கடமை முடிந்து அவள் தூங்கும் நேரம் எது என்று கேட்டு, அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எவரும் அழைக்காதபடி வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் தாதியக் கல்வி முடித்து வேலை செய்கிறேன். இங்கிருந்து நேரடியாக இந்த 13 வார வேலைக்குப் போக முடியுமா? பணம் கட்டினால் விசா எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
— ஒரு தாதி, மானிப்பாய்

பதில்: முடியாது, அவரிடம் பணம் கட்ட வேண்டாம். 13 வார ஒப்பந்தம் அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே உள்ளவர்களுக்கானது. அதற்கென்று ஒரு விசா இல்லை. வெளிநாட்டுத் தாதியர் என்கிளெக்ஸ் எனப்படும் அமெரிக்கத் தாதியர் அனுமதிப் பரீட்சையில் சித்தியடைந்து, மாநிலமொன்றின் அனுமதிப்பத்திரம் பெற்று, ஆங்கிலத் தகைமையும், கல்வியையும் அனுமதிப்பத்திரத்தையும் சரிபார்த்து விசாவுக்காக வழங்கப்படும் விசாஸ்கிரீன் சான்றிதழும் எடுத்து, தொழில்தருநர் ஒருவரின் விண்ணப்பத்தின் பேரில் குடிவரவு விசாவுக்காகக் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பு வருடக்கணக்கில் நீளக்கூடும். அப்படி அழைக்கும் முகவர் நிறுவனங்கள் பொதுவாகப் பல வருட ஒப்பந்தம் கேட்கும். இடையில் விலகினால் என்ன தண்டப்பணம் என்பதைக் கையெழுத்திட முன்னர் வாசியுங்கள். உள்ளூரில் எவர் ஆள் சேர்த்தாலும், அவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி உண்டா என்று பணியகத்திலேயே நேரில் விசாரியுங்கள். இதற்கிடையில் ஒரே துறையில், தீவிர சிகிச்சைப் பிரிவிலோ சத்திரசிகிச்சை விடுதியிலோ, தொடர்ச்சியாக அனுபவம் சேர்த்து, அதற்கான சேவைக் கடிதத்தை ஆங்கிலத்தில் திகதிகளோடு இப்போதே பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.