வாட்ஸ்அப் இருக்கும்போது சமூக வானொலிக்கு நேயர்கள் எதற்கு?

நீங்கள் இப்படிக் கேட்பதைப் பார்த்தால் கையில் நல்ல போனும் டேட்டாவும் இருக்கும் என்று நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டு இலங்கை மலையகத்தில், நாவலப்பிட்டிப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருந்தது ரேடியோவும் தபாலட்டையும்தான்.

1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலிக்கு, 90களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு இணையம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதிலை ரேடியோவில் விளக்குவார்கள்.

எங்கள் பசுவுக்கு மடி வீங்கி, பால் கட்டி கட்டியாக வந்தது. நிகழ்ச்சி சிங்களத்தில் என்பதால், அப்பா சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் எழுதிப் போட்டேன். இரண்டு கிழமை கழித்துப் பதில் சொன்னார்கள். பணிய லயத்து, அதாவது கீழே இருந்த லயத்து ஆட்கள்கூட எங்கள் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து நின்றார்கள். நோய் வந்த காம்பைக் கடைசியாகக் கறக்க வேண்டும், கறக்கும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், மருந்துக்கு மிருக வைத்தியரிடம் போக வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அதற்குள் எங்கள் பசுவின் ஒரு காம்பு வற்றிப்போயிருந்தது. ஆனால் மாடு வைத்திருந்த மற்ற வீடுகளில் அன்றிலிருந்து அப்படித்தான் கறந்தார்கள்.

பழைய காலத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இன்றைக்கென்றால் மடியைப் படம் பிடித்து உடனே வைத்தியருக்கு அனுப்பியிருப்பேன், அந்தக் காம்பும் பிழைத்திருக்கும். ஆனால் பதில் என் போனோடு நின்றிருக்கும். அதேபோல, சிங்களம் எழுதத் தெரிந்த பிள்ளை இல்லாத வீட்டில் அன்றைக்கு என்ன செய்திருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. பதிலுக்கு முன் என் பெயர், தோட்டம், டிவிசன், லயம் எல்லாவற்றையும் வாசித்தார்கள். அந்த லயத்து விலாசத்துக்கு ஒரு தபால்காரர் வந்ததே இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அக்காவின் இன்டர்வியூ கடிதம் அங்கேயே கிடந்து, நாள் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. கேட்டதற்கு, யாரும் வந்து எடுக்கவில்லையே என்றார்கள். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் பக்கம் அப்படி ஒரு வானொலி இருந்தால் பிறந்தநாள் வாழ்த்தோடு நிறுத்தாதீர்கள். அதே வாட்ஸ்அப்பில், தமிழிலேயே, ஒரு கேள்வியைப் பேசி அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரையும் லயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.