டெக்சாஸ் போலீஸ் பேப்பர் கேட்டால்?

கேள்வி: மகன் டாலஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். நானும் கணவரும் பி-2 சுற்றுலா விசாவில் போய் ஐந்து மாதம் தங்கப்போகிறோம். அங்கே போலீஸே வழிமறித்து விசா கேட்டு ஜெயிலில் போடலாம் என்று சட்டம் வந்திருக்கிறதாமே? எங்கள் விசா 10 வருடத்துக்கு இருக்கிறது. அது போதாதா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை, அம்மா. எஸ்பி 4 (செனட் மசோதா 4) என்ற ஒரே பெயரில் டெக்சாஸில் இரண்டு சட்டங்கள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். ஏதோ ஒரு காரணத்துக்காக முறைப்படி நிறுத்திவைத்த ஒருவரிடம் குடியேற்ற நிலையையும் விசாரிக்க, 2017 சட்டம் உள்ளூர் போலீஸுக்கு இடம் தருகிறது. 2023 டிசம்பரில் ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்டது வேறு. முறையான சாவடி வழியாக வராமல் எல்லை தாண்டி நுழைவதை அது மாநிலக் குற்றமாக்கியது. நீதிமன்றங்களில் அது பட்ட பாடு பெரிது: 2024 மார்ச் 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது அமலுக்கு வர வழிவிட்டது, சில மணி நேரத்திலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவிட்டது. வழக்கு எப்படிப் போனாலும், விமான நிலையத்தில் அதிகாரி அனுமதித்து உள்ளே வருகிற உங்களை அந்த நுழைவுக் குற்றம் தொடாது.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான். 10 வருட விசா, அந்த ஆண்டுகளில் வந்து அனுமதி கேட்கலாம் என்பதற்கு மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் ஐ-94 (நுழையும்போது அதிகாரி பதியும் வருகைப் பதிவு) முடிவு செய்கிறது. பி-2-க்கு வழக்கமாக 6 மாதம் தருவார்கள். அந்தத் தேதியை ஒரு நாள் தாண்டினாலும் உங்கள் 10 வருட விசா செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுத் திரும்பினால் 3 ஆண்டு, ஒரு வருடம் தாண்டினால் 10 ஆண்டு நுழைவுத் தடை. கூடுதலாக இருக்க வேண்டி வந்தால் அந்தத் தேதிக்கு முன்பே ஐ-539 என்ற தங்கல் நீட்டிப்பு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். 45 நாள் முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது.

இறங்கிய இரண்டு மூன்று நாளில் சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) இணையதளத்தில் ஐ-94-ஐ எடுத்து அச்சிடுங்கள். நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயராகி, முதல் பெயரில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். தேடும்போதும் அப்படியே இட வேண்டும். வழக்கப்படி பெயரைப் பிரித்து இட்டால் பதிவே இல்லை என்று வரும். தேதி தவறாக இருந்தால், நுழைவுப் பதிவுகளைத் திருத்தும் சிபிபியின் 'டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன்' அலுவலகத்தில் திருத்துவார்கள்.

18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய மத்திய சட்டம். உங்களுக்கு அந்தச் சான்று ஐ-94 அச்சுப்படி. பக்கத்துக் கடைக்குப் போனாலும் அது கைப்பையில் இருக்கட்டும். மெக்சிகோ எல்லையருகே உள்ள சவுத் பாட்ரே சுற்றுலாத் தீவுக்குக் காரில் போவதானால் அசல் பாஸ்போர்ட்டும் வேண்டும். திரும்பும் வழியில் சரீட்டாவிலோ ஃபால்ஃபூரியஸிலோ எல்லைக் காவல் சாவடி வரும். அங்கே கேட்பவர்கள் மாநிலப் போலீஸ் அல்ல, மத்திய அதிகாரிகள். கேட்டால் "இந்தியக் குடிமக்கள், பார்வையாளர்கள்" என்று சொல்லிப் பேப்பரைக் கொடுங்கள். பதற்றத்தில் "சிட்டிசனா?" என்ற கேள்விக்குத் தலையாட்டிவிடாதீர்கள். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னால் நிரந்தரத் தடை வரை போகும். புரியாத தாளில் கையெழுத்தும் வேண்டாம்.

மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். எச்-1பி ஒப்புதல் மூன்று வருடத்துக்கு இருந்தாலும், பாஸ்போர்ட் அதற்குள் காலாவதியாவதாக இருந்தால் விமான நிலையத்தில் ஐ-94-ஐ அந்தத் தேதியோடு வெட்டிவிடுவது உண்டு. ஒப்புதல் தாளை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் புது ஐ-94-ஐ அவர் எடுத்துப் பார்க்க வேண்டும்.