நாத்திகம் குற்றமில்லை, அந்த வாய்ஸ் மெசேஜ்தான் சிக்கல்

கேள்வி: மன்னார் வளைகுடா ஓரம் ஒரு ஊரில் வல்லம் வைத்துக் கடல்தொழில் செய்கிறேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அதை மறைத்ததும் இல்லை. இந்த வருடம் அம்மன் கோவில் முளைப்பாரிக்குத் தலைக்கட்டு வரி தரமாட்டேன் என்றேன். 25,000 ரூபாய் அபராதம் விதித்து, 'கட்டும்வரை இவன் வல்லத்துக்கு எவனும் ஏறக் கூடாது, ஏறினால் அவனுக்கும் இதே கதி' என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். அந்த வீடியோ என் போனில் இருக்கிறது. என் மீனை யாரும் ஏலம் கேட்பதில்லை. டீக்கடையில் டீ இல்லை. சொந்தச் சித்தப்பாவே முகம் பார்ப்பதில்லை. ஆத்திரத்தில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அம்மன் படத்தைக் கேலியாக மாற்றிப் போட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, 'எல்லாருக்கும் நல்லா உறைக்கட்டும்னுதான் போட்டேன்' என்று வாய்ஸ் மெசேஜும் அனுப்பினேன். பெரியார் சொல்லாததையா சொல்லிவிட்டேன்? மதத்துக்கு வரி கட்ட வேண்டாம் என்று அரசியலமைப்பு 27ஆவது பிரிவே சொல்கிறதே! சாதி, மதமற்றவர் சான்றிதழ் வாங்கினால் உதவுமா? ஊர்ப் பெரியவர்களை உள்ளே தள்ள வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் யார் யார் பேசவில்லை என்பதற்கே போய்விட்டது. வருத்தம் புரிகிறது. ஆனால் சித்தப்பாவைப் பேச வைக்கச் சட்டத்தில் இடமில்லை. டீக்கடையையும் விடுங்கள்.

நம்பிக்கையில்லாமல் இருப்பது உங்கள் உரிமை. 25ஆவது பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரத்தில் அதுவும் அடக்கம். 27ஆவது பிரிவு இங்கே உதவாது. அது அரசு போடும் வரியைப் பற்றியது. ஊர் போடும் தலைக்கட்டு வரியை அதைக் காட்டித் தடுக்க முடியாது. சான்றிதழை 2019இல் திருப்பத்தூரில் ஒரு பெண் வழக்கறிஞர் வாங்கிக் காட்டினார், நல்ல விஷயம். அது உங்கள் வல்லத்தைக் கடலில் இறக்காது.

ஊர் விலக்கத்துக்கென்றே மகாராஷ்டிரத்தில் 2016இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. அதனால் மீன் வாங்காததை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. வரத் தயாராக இருந்த ஆளை மிரட்டி நிறுத்தியது வேறு. கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மைக் அறிவிப்பின் வீடியோ அதற்கு நல்ல சாட்சி. அபராதம் கேட்டதை மிரட்டிப் பணம் பறித்தல் என்று எழுத ஆசை வரும். நீங்கள் இன்னும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்பதால் அந்தக் குற்றம் முழுமையாகவில்லை. பணம் பறிப்பதற்காக மிரட்டியது மட்டும் நிற்கும்.

இதுவரை தராசு உங்கள் பக்கம்தான். அதைச் சாய்த்தது அந்த வாய்ஸ் மெசேஜ்.

புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 299, அதாவது பழைய ஐபிசி 295ஏ, மதத்தை இழிவுபடுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் பிரிவு இல்லை. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு, மத உணர்வைப் புண்படுத்தச் செய்திருக்க வேண்டும். 1957இலேயே உச்ச நீதிமன்றம் இதை வரையறுத்துவிட்டது. அந்த எண்ணத்தை நிரூபிக்கத்தான் அரசுத் தரப்பு சாதாரணமாகத் திண்டாடும். நீங்களோ 'உறைக்கட்டும்னுதான் போட்டேன்' என்று சொந்தக் குரலில் பதிவு செய்து கொடுத்திருக்கிறீர்கள். படத்தை மட்டும் போட்டிருந்தால் நான் வாதாடிப் பார்ப்பேன்.

பெரியாரை இழுக்கிறீர்கள். 1953இல் பிள்ளையார் சிலையை உடைத்த வழக்கில், மண் பொம்மை புனிதப் பொருளாகாது என்று கீழ் நீதிமன்றங்களில் புகாரைத் தள்ளினார்கள். 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த வியாக்கியானம் தவறு என்றது. வருடங்கள் ஓடிவிட்டதால்தான் வழக்கை மறுபடி கிளறவில்லை. பெரியார் சிலைப் பீடத்துக் கடவுள் மறுப்பு வாசகத்தை நீக்கக் கேட்ட மனுவை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் உண்மை. கடவுள் இல்லை என்பது கருத்து. ஊர்க்காரர்களின் குரூப்பிலேயே அவர்கள் அம்மன் படத்தைக் கேலியாக்கிப் போடுவதை எந்த நீதிபதியும் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்.

நான் பார்த்த வழக்குகளில் ஆள் விழுவது இங்கேதான். நியாயம் தன் பக்கம் என்று நம்பி முதலில் புகார் கொடுப்பார். மறுநாளே எதிர்ப்புகார் வரும். இரண்டு தரப்பிலும் எஃப்ஐஆர், கூடவே வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) முன், அமைதியைக் குலைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கும் 107 கேஸ் (இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 126). ஊர்ப் பெரியவர்கள் மேல் போடும் மிரட்டல் பிரிவுக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன். உங்கள் 299 ஜாமீனில் விட முடியாத பிரிவு, மூன்று வருடம் வரை தண்டனை. 'அரசு அனுமதி இல்லாமல் இந்தப் பிரிவில் ஒன்றும் செய்ய முடியாதாமே' என்று யாராவது தைரியம் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த அனுமதி நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுப்பதற்கு. எஃப்ஐஆருக்கும் கைதுக்கும் அது தேவையில்லை. ஏழு வருடத்துக்கு உட்பட்ட குற்றம் என்பதால் பெரும்பாலும் கைதுக்குப் பதில் நோட்டீஸ்தான் வரும். வந்தால் ஆஜராகுங்கள். ஓடினால் அதையே காரணமாக்கிப் பிடிப்பார்கள்.

பாக் நீரிணைப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவருக்கு முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை. விடியுமுன் கடலுக்குப் போகிற மனிதர், ஒரு மாதம் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். வல்லம் கரையில் வெயிலில் காய்ந்தது. ஊர் செய்ய நினைத்ததை நிபந்தனை செய்து முடித்தது. வளைகுடா நாட்டு வேலைக்கு விசா வந்தபோது, நிலுவையிலிருந்த வழக்கு பாஸ்போர்ட்டிலும் குறுக்கே நின்றது.

ஆகவே சமாதானமாகப் போங்கள். உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். 299 சமரசம் செய்யத்தக்க குற்றமல்ல. எஃப்ஐஆர் விழுந்தபின் ஊரே சேர்ந்து 'மன்னித்துவிட்டோம்' என்றாலும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் பிஎன்எஸ்எஸ் 528இல் வழக்கை ரத்து செய்யக் கேட்டாக வேண்டும். பழைய 482தான் இப்போது 528. புகார் வருமுன் முடித்தால் ஒரு தாளோடு போகும்.

தாசில்தாரிடம் மனுக் கொடுத்து அமைதிப் பேச்சுவார்த்தை கேளுங்கள். மனுவில் நாத்திகம், மூடநம்பிக்கை எதுவும் வேண்டாம்; தொழிலைத் தடுக்கிறார்கள், இவ்வளவுதான். படத்துக்கு வருத்தம் தெரிவியுங்கள், ஆனால் அந்த வாசகத்தை வக்கீல் எழுதட்டும். நீங்கள் எழுதினால் இன்னொரு ஒப்புதல் வாக்குமூலம் தயார். அபராதம் என்ற பெயரில் எதுவும் கட்டாதீர்கள். தெருவிளக்கு, ஏலக்கூடம் மாதிரிப் பொதுச் செலவுக்குப் பங்கு தருகிறேன், ரசீது வேண்டும் என்று சொன்னால் கொள்கையும் கெடாது, அவர்களுக்கும் முகம் தப்பும். மைக்கில் சொன்ன தடையை மைக்கிலேயே நீக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாம் தாசில்தார் கூட்ட நடவடிக்கையில் எழுத்தாக வரட்டும். அதற்கும் மசியாவிட்டால் வீடியோவை வைத்து மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம்.

அதுவரை குரூப்பில் ஒரு வரி, ஒரு ஸ்மைலிகூட வேண்டாம். வாய்ஸ் மெசேஜை அழித்துப் பயனில்லை; இந்நேரம் பத்துப் போனில் இருக்கும். அழித்தால் சாட்சியத்தைக் கலைத்தான் என்று சேர்த்து எழுதுவார்கள். பயந்துபோய்ப் போனை ரீசெட் செய்துவிடாதீர்கள், மைக் அறிவிப்பு வீடியோவும் அதில்தான் இருக்கிறது.